ஊதக்காத்து வந்தாச்சு... உங்க வீடு தயாரா?

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நம்ம ஆட்டையாம்பட்டிப் பக்கம் கடலோர ஊர்கள் மாதிரி கொட்டித் தீர்க்காது என்பது உண்மைதான். ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவானால் போதும், மூணு நாளைக்கு வானம் மூடிக்கொள்ளும். பிசுபிசுவென்று தூறல். சில்லென்று ஊதக்காத்து. பகல் பதினோரு மணிக்கே டியூப்லைட் போட வேண்டிய இருட்டு.

துணி காயாது. தறி வீட்டில் பாவு காயாது. முறுக்கு டப்பாவை மூட மறந்தால் சாயங்காலத்துக்குள் நமுத்துப் போகும். வீட்டில் முதலில் குழந்தை தும்மும். அடுத்து பாட்டி இருமுவார். நாலாம் நாள் குடும்பமே மூக்கைச் சிந்திக்கொண்டு வரிசையில் நிற்கும். ‘மழைன்னா அப்படித்தாங்க’ என்று விட்டுவிட வேண்டாம். இதில் பாதியை வீட்டிலேயே தடுக்கலாம். மீதிப் பாதியில் எதை வீட்டில் பார்க்கலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தால் உயிர்ச்சேதம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

பருவம் மாறினால் உடம்பும் மாறும்

சித்த மருத்துவத்தில் வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக்காலம். இந்த ஆறு மாதமும் ஈரமும் குளிர்ச்சியும் கூடிக்கொண்டே போகும். பசித்தீ மந்தமாகும். காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் வரை வயிற்றிலேயே கிடப்பது போல இருக்கும். வாதக்காரர்களுக்கு மூட்டு பிடிக்கும். கப உடம்புக்காரர்களுக்கு நெஞ்சில் சளி கட்டும்.

நம் வீட்டு வழக்கங்களையே பாருங்கள். தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அன்றைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்து, வெறும் வயிற்றில் ஒரு உருண்டை லேகியம் சாப்பிடுகிறோம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் போட்டுக் கிளறிய லேகியம் அது. பலகாரத்தைத் திணிப்பதற்கு முன்னால் பசித்தீயைத் தூண்டி வைக்கிற ஏற்பாடு. இந்தக் காலத்துக்கு உணவு மூன்று விஷயம் கேட்கும்: சூடாக இருக்க வேண்டும், எளிதில் செரிக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த நேற்றைய குழம்பு இதில் எதிலும் சேராது.

ஜன்னலை அடியோடு சாத்தாதீங்க!

குளிருதே என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிறோம். சளிக் கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. ஒருவர் தும்மியது அந்த அறைக்குள்ளேயே சுற்றும். போதாததற்கு ஈரத்துணியை அங்கேயே காயப் போடுவோம். சுவரில் கறுப்புப் பூஞ்சை படரும். வீசிங் உள்ள குழந்தைக்கு அந்தப் பூஞ்சையே எதிரி.

என்ன செய்யலாம்? காற்றடிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், எதிர்ப்பக்கத்து ஜன்னலை நாலு விரல் அளவாவது திறந்து வையுங்கள். தூறல் விட்ட நேரம் பார்த்து அரை மணி எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். துணியை வராந்தாவில் காயப் போடுங்கள். வேறு வழியே இல்லை, வீட்டுக்குள்தான் என்றால் ஆள் படுக்காத அறையில் ஃபேனைப் போட்டுக் காய விடுங்கள். வெயில் எட்டிப் பார்த்த அன்றைக்குத் தலையணை, கம்பளி, பாய் எல்லாம் வெளியே வர வேண்டும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். குளிர் காய்வதற்காக அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இடத்தில் அறைக்குள் கரித்தணலோடு படுத்த இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கம்பளி இன்னொன்று கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள். தணல் வேண்டாம்.

கொடிக்கம்பியில் எமன்

வைத்தியர் கரண்டைப் பற்றிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு வீட்டின் விளக்கை அணைப்பது காய்ச்சல் மட்டுமில்லை. துணி காயப் போடுகிற இரும்புக் கம்பியை மின்கம்பத்திலோ, சர்வீஸ் ஒயர் போகிற குழாயிலோ, ஷெட் தகரத்திலோ கட்டியிருப்பார்கள். மழையில் ஒயர் கசிந்தால் கம்பி முழுக்கக் கரண்ட். ஈரத்துணியோடு கை வைக்கிற அம்மா விழுவார். தூக்கப் போகிற பிள்ளையும் விழுவான்.

இன்றைக்கே அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. கருவி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது ஒட்டிக்கொண்டால் முதலில் மெயினை அணைத்த பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், யாரையும் போக விடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

அடுப்படியே மருந்துக்கடை

சரி, இப்போது நம் சமாசாரத்துக்கு வருவோம்.

*சுக்கு மல்லி காபி:* தனியா 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் நாலு. லேசாக வறுத்துப் பொடித்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டினால் போதும். சுக்கின் மேல் தோலைச் சீவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுக்குக்கு வெளியே நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு என்பது வைத்தியர்கள் வாய்ப்பாடு.

*கொள்ளு ரசம்:* நம்ம பக்கத்தில் கொள்ளு இல்லாத வீடு உண்டா? வேகவைத்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். சூட்டு உடம்புக்காரர்களுக்கு ஒரு நாளே போதும்.

*தூதுவளை, கற்பூரவல்லி:* வேலியில் இருக்கும் தூதுவளையை முள் நீக்கி நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கலாம், ரசத்தில் போடலாம். கற்பூரவல்லி இலை இரண்டை வாட்டிப் பிழிந்த சாறு அரை டீஸ்பூன், தேன் அரை டீஸ்பூன் கலந்து இருமலுக்குக் கொடுக்கலாம். ஒரு வயசு தாண்டிய குழந்தைக்கு மட்டும்தான்.

*திரிகடுகு சூரணம்:* சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு. பெரியவர்கள் இரண்டு சிட்டிகையைத் தேனில் குழைத்துக் காலை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நாள் சாப்பிடலாம். சளி, தும்மல், பசி மந்தம் மூன்றுக்கும் கேட்கும்.

*குடிதண்ணீர்:* திருமணிமுத்தாறு கரை ஊர்க்காரர்களுக்குக் கலங்கல் தண்ணீர் புதிதில்லை. தேற்றான்கொட்டையை உரைத்துப் போட்டால் கலங்கல் அடியில் தங்கித் தெளியும். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. தெளிந்ததை வடித்து, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

யாருக்கு எது ஆகாது?

‘இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காத வாக்கியம். வேலை செய்கிற மருந்து எதுவாக இருந்தாலும் தப்பாகவும் வேலை செய்யும்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், தேனும் சர்க்கரைதான். சுக்கு காபியை இனிப்பில்லாமல் குடியுங்கள். அல்சர் உள்ளவர்களுக்குத் திரிகடுகு ஆகாது. தொண்டை கரகரப்புக்கு அதிமதுரம் நல்லது. ஆனால் தினமும் சுவைத்தால் ரத்த அழுத்தம் ஏறும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒதுக்கி வையுங்கள். ஆடாதோடை சளிக்கு அருமையான மூலிகை. கர்ப்பிணிகள் மட்டும் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் இஞ்சி, பூண்டை மருந்தளவில் எடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

ஆஸ்துமாக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ‘கஷாயம் குடிக்கிறேனே, இன்ஹேலரை விட்டுடலாமா?’ என்று மழைக்காலம் வந்தால் கேட்கிறார்கள். கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், கூடாது. காற்றும் ஈரமும் மூச்சை இறுக்குகிற மாதங்கள் இவை. இருக்கிற மருந்தை விடாமல், அதற்குத் துணையாக எது எடுக்கலாம் என்று இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிட்டு எடுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீடா?

அப்படியானால் இந்தப் பகுதியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது. சளி வெளியே வரும் என்று நினைக்கிறோம். எண்ணெய் வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகும். அங்கே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். மூக்கு அடைத்தால் டாக்டர் சொல்லும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும்.

குளித்ததும் சாம்பிராணி காட்டுவது நல்ல வாசனைதான், ஆனால் புகை புகைதான். குழந்தையைக் கூடைக்கு மேலே பிடிக்காதீர்கள். வீசிங் இருக்கிற குழந்தை வீட்டில் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். கொசுவலை கட்டுங்கள்.

பச்சைக் கற்பூரமோ கற்பூரம் கலந்த தைலமோ இரண்டு வயசுக்குக் கீழே நெஞ்சிலும் தடவக் கூடாது, மூக்கிலும் தடவக் கூடாது. பிஞ்சு உடம்பில் கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். ஒரு வயசு ஆகும்வரை தேன் நாக்கில் கூடத் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதையைச் சமாளிக்கிற சக்தி அந்தக் குடலுக்கு இல்லை.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்த பாத்திரத்தைச் சுவரோரம் அசையாத இடத்தில் வைத்து ஐந்து நிமிஷம் பிடிக்கலாம். சின்னப் பிள்ளையை மடியில் வைத்துப் போர்வைக்குள் இழுக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற பிள்ளைகள் அதிகம்.

மூச்சை எண்ணத் தெரியுமா?

இருமுகிற குழந்தைக்கு வெறும் சளியா, நிமோனியாவா? இதைக் கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள்.

பிறந்து 2 மாசம் வரை: நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
2 மாசம் முதல் 1 வயசு வரை: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயசு முதல் 5 வயசு வரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த எண்ணிக்கை வந்தால் கஷாயம் தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் துவண்டால், உதடு நீலம் பாரித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், நடு ராத்திரியாக இருந்தாலும். இந்த மூன்று எண்ணையும் காலண்டர் ஓரத்தில் எழுதி மாட்டுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முறுக்கு அடுப்பும் தறிக்குழியும்

நம் ஊருக்கு உள்ள தொந்தரவு தனி. கைமுறுக்கு சுற்றுகிற பெண்கள் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருப்பார்கள். அப்படியே எழுந்து வாசலுக்கு வந்தால் ஊதக்காத்து. உடம்பு பிடித்துக்கொள்ளும். எழுந்ததும் முதலில் வேர்வையைத் துடைத்து, ரவிக்கை நனைந்திருந்தால் மாற்றி, பத்து நிமிஷம் உள்ளேயே இருந்துவிட்டு வெளியே வாருங்கள். தண்ணீர் தாகம் தெரியாத காலம் இது. ஆனாலும் வேர்த்த உடம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும்.

கைத்தறி நெய்கிறவர்களுக்குக் கால் இரண்டும் குழிக்குள். மழையில் குழி ஓதம் ஏறிச் சில்லென்று இருக்கும். முழங்கால் வலி, பாதக் குத்தல், விரல் இடுக்கில் சேற்றுப்புண் எல்லாம் அங்கிருந்துதான். குழியின் அடியில் பலகை போட்டு அதன் மேல் தேங்காய் நார்ப் பாய் விரியுங்கள். ஒரு மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். ராத்திரி வெந்நீரில் கால் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்து, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் தினமும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மரத்த காலுக்குப் புண் வந்தது தெரியாது. புண் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம்.

கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் வருகிறவர்கள் குறைவு. குளிருக்கு இதமான சூப்தான், குடியுங்கள். அதைக் குடித்துவிட்டு மூட்டுக்குச் சாப்பிடும் மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாத்தா பாட்டிக்கு

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ‘விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணியில குளிச்சாத்தான் எனக்கு நாள் ஓடும்’ என்கிற தாத்தாவை மார்கழி முடியும்வரை ஏழு மணிக்கு வெந்நீருக்கு மாற்றுங்கள். எண்ணெய்க் குளியல் வெயில் அடிக்கிற நாளில் மட்டும். நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் போதும். அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது.

வயசானவர்கள் மழைக்காலத்தில் பயப்பட வேண்டியது வழுக்கலுக்கு. பாசி பிடித்த வாசல்படியைத் தேய்த்துக் கழுவுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச் லைட் இருக்கட்டும். ஒரு இடுப்பு எலும்பு முறிந்தால் எத்தனை வருஷ நடமாட்டம் போகும் என்று யோசித்தால் அந்த விளக்குக் கரண்ட் பில் பெரிசில்லை.

காய்ச்சல் வந்தால்

2006-ல் சிக்குன்குனியா, 2017-ல் சேலம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட டெங்கு இரண்டையும் நாம் மறக்க முடியாது. டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நம் வீட்டு டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர் ஆகியவற்றில் நிற்கிற நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கவிழ்த்தால் போதாது. வாரம் ஒருநாள் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று ஒன்பது சரக்கு. பெரியவர்களுக்கு 5 கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாக வற்ற வைத்துக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்க வேண்டாம். ஆனால் குடிநீர் குடித்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும்.

டெங்கு ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விடும். ‘அப்பாடா, சரியாயிடுச்சு’ என்போம். ஆபத்து ஆரம்பிக்கிற நேரமே அதுதான். காய்ச்சல் விட்ட பிறகு கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, சோர்ந்து சுருண்டு படுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

மனசுக்கும் மூட்டம் போடும்

நாலு நாள் வெயில் இல்லை என்றால் காரணமில்லாமல் சலிப்பு வருகிறதே, அது கற்பனை இல்லை. லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட நாடுகளில் குளிர்காலம்தோறும் வருகிற மனச்சோர்வை 1984-லேயே தனி நோயாக விவரித்துப் பெயர் வைத்தார்கள். நமக்கு டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு. அந்த அளவுக்குப் பயமில்லை. ஆனால் வெளியே போக முடியாமல் கட்டிலோடு கிடக்கிற பெரியவர்களுக்கும், பிரசவித்து மூலையில் படுத்திருக்கும் இளம் தாய்க்கும் இந்த இருட்டு கனக்கும்.

பகலில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மூடிய வானத்து வெளிச்சம்கூட டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். மழை நாளில் பகல் தூக்கம் வேண்டாம். தூங்கினால் கபம் கூடும், ராத்திரித் தூக்கமும் கெடும். கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கொரு செல்போனைப் பார்க்காமல், எல்லாரும் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள். சலிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைந்தால், அல்லது ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு வந்தால், அதைக் காலநிலை மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்த தாழ்வு நிலை உருவாகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கொடிக்கம்பியை மாற்றுங்கள், டிரம்மைத் தேயுங்கள், சுக்குப் பொடியை அரைத்து வையுங்கள், மூன்று எண்ணையும் காலண்டரில் எழுதுங்கள். அப்புறம் மழை பெய்யட்டும். நம்ம ஏரி குளத்துக்கும் அது வேண்டுமே!